சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்

குழந்தை வண்டியை ஒருபோதும் தண்டவாளத்தைப் பார்த்தபடி நிறுத்தக் கூடாது. தண்டவாளம் போகிற போக்கிலேயே, பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். பிளாட்பாரம் பார்வைக்குச் சமமாகத் தெரியும். ஆனால் மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு பக்கம் லேசாகச் சரிவு இருக்கும். ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தால் தெரியும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது முதலில் கொஞ்சம் யோசிக்கும். பிறகு போகும்.

என் பெயர் தனக்கோடி. அப்பா சின்னையன் செங்கல்பட்டு ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேனாக இருந்தார். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து நான் போகவில்லை. வீட்டிலும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கூச்சப்படுவது ஒரு குற்றமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸில் சகுந்தலா அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரர் கோபாலகிருஷ்ணன் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தார். அவர்களுக்கு ஒன்றரை வயதில் ரமணி என்று ஒரு பையன். நான் சும்மா இருக்கிறேன் என்று தெரிந்து அக்காதான் கூப்பிட்டாள். கூலிக்கு இல்லை. கூட இருக்கத்தான். என்னை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ரமணியின் குழந்தை வண்டி ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு ரயில் கார்டின் குடும்பம் விட்டுப்போனது. கறுப்புக் கூரை, பெரிய சக்கரங்கள். குவார்ட்டர்ஸ் தெரு முழுக்கச் சரளைக்கல். அங்கே அது உருளாது. வழுவழுப்பான தரை பிளாட்பாரத்தில் மட்டும்தான். அதனால் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்குக் கடைசி பிளாட்பாரத்துக்குப் போவோம். காஞ்சிபுரம் வண்டி வந்தால்தான் அங்கே ஆள் நடமாட்டம் இருக்கும். போர்ட்டர் சாலமோன் எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா தனக்கோடி, எஞ்சின் இல்லாமயே கூட்ஸ் தள்ளிகினு வர்ற?"

ரமணிதான் எனக்கும் சேர்த்துச் சிரிப்பான். பக்கவாட்டில் நிறுத்தினால் அவனுக்கு எஞ்சின் தெரியாது, அழுவான். அக்கா தண்டவாளத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டு, காலால் பிரேக் கம்பியை அழுத்துவாள். கிளிக் என்று சத்தம் வரும். சத்தம் வந்ததும் அக்காவுக்கு நிம்மதி.

அந்தப் பிரேக் பிடிக்காது. ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. போன இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் வீட்டுக்காரர் ரயில்வே ஷெட்டில் கொடுத்து ஒரு மணி நேரத்தில் சரி செய்திருப்பார். பிறகு யார் வேண்டுமானாலும் அந்த வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும்.

அப்பா வேகன்களை நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். "பிரேக்க நம்பினவன் கெட்டான்டி. கட்டைய நம்பு" என்பார். நான் தண்டவாளத்துக் கருங்கல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கைக்குள் அடங்குகிற அளவு, ஒரு பக்கம் தட்டை. வண்டி நின்றதும் முன்சக்கரத்துக்கு முன்னால் கால் விரலாலேயே தள்ளி வைத்துவிடுவேன். கிளம்பும்போது எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொள்வேன். ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட அக்கா கவனிக்கவில்லை. ஐந்து மாதமும் அந்தக் குழந்தையை நிறுத்தி வைத்தது நான்தான். அக்காவுக்கோ அது கிளிக் சத்தத்தின் வேலை.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் வண்டி நகர்ந்தது. அக்கா வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தாள். விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது நான் பிடித்துவிட்டேன். அக்கா கடலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். ரமணியைத் தூக்கவில்லை, என்னைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள்.

"நீ இல்லன்னா இன்னா ஆகியிருக்கும் தனம்? நீதான்டி இவனுக்கு ரெண்டாவது அம்மா."

அன்று அவர்கள் வீட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். கோபாலகிருஷ்ணன் அண்ணாவே என் இலைக்குக் குழம்பு ஊற்றினார். பிரேக்கைச் சரியாக அழுத்தவில்லை என்று அக்காவைத் திட்டினார். அக்கா அதை ஒத்துக்கொண்டாள். பிரேக்கை யாரும் குனிந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

மே மாதம் ரயில்வே ஸ்டிரைக் வந்தது. எழுபத்து நான்காம் வருஷம், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்பா அதில் சேர்ந்தார். ஸ்டிரைக் முடிந்தபோது அவருக்கு வேலை இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லித் தாள் வந்தது. படாளத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போவதென்று அம்மா பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினாள். நான் மட்டும் கட்டவில்லை. அக்கா என்னை இருக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. அவளாகவே சொல்லட்டும் என்று தினமும் காத்திருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை. வண்டியை வழக்கமான தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். கிளிக் சத்தம் எனக்கும் கேட்டது. அக்கா சாலமோனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கடப்பாக்கத்துலேர்ந்து என் தங்கச்சி வரலட்சுமி வர்றா அண்ணாத்த. இனிமே இவன அவ பாத்துக்குவா."

"அப்போ நம்ம தனக்கோடி?"

"பாவம், அவங்களே வூட்ட காலி பண்ணிகினு கீறாங்க. இன்னும் எத்தன நாளு அத தொந்தரவு பண்றது?"

அன்பாகத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு டிபன் டப்பாவை என்னிடம் நீட்டினாள். "அவராண்ட குடுத்துட்டு வந்துடு தனம். ரமணிய நான் பாத்துக்கறேன்."

நான் சரி என்றேன். சக்கரத்துக்கு முன்னால் கல் இல்லை.

அடுத்த வண்டி ஐந்தே முக்காலுக்கு. அப்போது மணி ஐந்துகூட ஆகவில்லை. அந்தப் பிளாட்பாரம் அவ்வளவு உயரமும் இல்லை. விழுந்தாலும் அடிதான் படும், பிழைத்துக்கொள்வான். இதையெல்லாம் யோசித்துத்தான் நடந்தேன். ஸ்டிரைக்குக்குப் பிறகு வண்டிகள் நேரத்துக்கு ஓடவில்லை என்பதும், தண்ணீர் பிடித்துக்கொண்டு ஒரு எஞ்சின் பின்புறமாகவே வந்துகொண்டிருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. பின்புறமாக வருகிற எஞ்சின் டிரைவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. அவர்மேல் தப்பில்லை.

தூணிலிருந்து கவுண்டர் நூற்றுப் பன்னிரண்டு காலடி. எழுபதாவது அடியில் விசில் கேட்டது. நான் திரும்பவில்லை. டப்பாவைக் கவுண்டரில் வைத்தேன். மோர் சிந்தவில்லை. பிறகுதான் சாலமோனின் குரல் கேட்டது. அக்காவின் குரல் கேட்கவே இல்லை.

மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். அக்காவை இரண்டு மணி நேரம் கேட்டார். சாலமோனைக் கேட்டார், எஞ்சின்காரர்களைக் கேட்டார். என்னிடம் ஒரே கேள்வி.

"நீ எங்கம்மா இருந்த?"

"டிபன் குடுக்கப் போனேன் சார்."

எழுதிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். நான் பொய் சொல்லவில்லை. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அதற்கும் பதில் சொல்லியிருப்பேன். கேட்காததை எழுந்து நின்று சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. குழந்தை செத்ததற்குத் தாய் பிரேக் போடாமல் பேசிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று முடிவானது. வண்டி உருத்தெரியாமல் போனதால் பிரேக்கைப் பார்க்கவும் வழியில்லை.

கோபாலகிருஷ்ணன் அண்ணா அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். அவள் கடப்பாக்கத்தில் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அவருக்குக் கருவாட்டு வியாபாரம். அக்கா யாரிடமும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை என்று என்னைக் கூட்டிப்போக வரலட்சுமியே படாளத்துக்கு வந்தாள். "உன் பேரத்தான் சொல்லுது. வா" என்றாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தேன். அக்காவுக்குத் தலை வாரிவிடுவேன். கஞ்சி ஊட்டுவேன். சாயங்காலம் இடிந்த கோட்டைச் சுவரோரம் கடலைப் பார்த்து உட்காருவோம். மணி நான்கைத் தாண்டியதும் அவள் கேட்பாள்.

"கிளிக்குனு சத்தம் கேட்டுச்சுல்ல தனம்?"

"கேட்டுச்சுக்கா."

"நான் அழுத்தினேன்ல?"

"அழுத்தினக்கா."

"அப்புறம் எப்படிடி?"

"தெரியலக்கா."

அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஊரே அவளைக் குற்றம் சொன்னபோது, அவள் பிரேக் போட்டாள் என்று சொன்னது நான் ஒருத்திதான். அது எவ்வளவு ஆறுதல் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் அவள் எழுந்து கடலுக்குள் நடந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நான்தான் பிடித்து இழுத்து வந்தேன். அன்றைக்கும் அவளுடைய அப்பா என்னைக் கும்பிட்டார்.

மேலே ஒரு இடத்தில் சரியாக எழுதவில்லை. கல் இல்லை என்று எழுதியிருக்கிறேன். வண்டி நின்றதும் வழக்கம்போல வைத்தேன். தங்கச்சி வரப்போவதை அக்கா சொல்லி முடித்தபோது கால் கட்டைவிரலால் எடுத்தேன். மார்ச் மாதத்திலும் அப்படித்தான் எடுத்தேன். இரண்டு தடவையும் நானே பிடிக்கத்தான் எடுத்தேன். இரண்டாவது தடவை, அக்கா டப்பாவைக் கொடுத்தபோது, கல் என் காலடியில்தான் இருந்தது. திரும்ப வைக்க ஒரு நொடி போதும். நான் பார்த்துக்கறேன் என்று அவள் சொன்னாள். சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று குனிந்து கல்லை எடுத்து மடிப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். ரமணி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். சக்கரம் கொஞ்ச நேரம் யோசிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கல் என் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அண்ணா மனம் மாறி அக்காவைக் கூட்டிப்போனார். தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு அவருக்கு மாற்றல். இப்போது ஒரு பெண் குழந்தை. போன வாரம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. வரலட்சுமிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம், வந்து கூட இருக்க ஆள் இல்லையாம். "வண்டி கிண்டி எதுவும் வாங்கல. ஆனா பாப்பா நடக்கக் கத்துக்கினா. வூட்டுக் கதவத் தொறந்தா பிளாட்பாரம். கதவுத் தாழ்ப்பாள் சரியா விழல. பார்த்தா விழுந்த மாதிரியே கீது, தள்ளினா தொறந்துக்குது. எனக்குப் பயத்துல தூக்கம் வரல. அவராண்ட சொல்லி மாத்தச் சொல்லணும். உன்னத் தவிர வேற யாரையும் நான் நம்ப மாட்டேன். நீ வா தனம்."

உடனே பதில் எழுதிப் போட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன் அக்கா, இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம், தாழ்ப்பாளைப் பற்றி அண்ணாவிடம் சொல்ல வேண்டாம், கதவுக்கு வைக்க என்னிடம் ஒரு கல் இருக்கிறது.