மருமகள் என்னைச் சாகடித்ததாக நான் கொடுத்த புகார் குறித்து

என் பெயர் சகாயம்மாள், வயது 73, கணவர் பெயர் மரியஜோசப் (காலமானவர்). நெய்வேலி டவுன்ஷிப்பில் மகன் சைமன்ராஜின் குவார்ட்டர்ஸில் இருந்து வருகிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், தமிழ் வாசிப்பேன்.

என் மருமகள் மெர்லின் வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்கு கான்ட்ராக்டில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை செய்து வருகிறாள். சென்ற திங்கட்கிழமை அவளுக்குக் காபி கொண்டுபோனபோது, லேப்டாப்பில் கட்டங்களும் அம்புக்குறிகளும், பக்கத்தில் என் பெயரும் "இறப்பு" என்ற சொல்லும் இருக்கக் கண்டேன். கேட்டதற்கு, இது பென்ஷன் சாஃப்ட்வேர் என்றும், பென்ஷனில் சேர்வது முதல் இறப்பது வரை கட்டம் போட்டு இணைத்துவிட்டால், போகக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் லேப்டாப்பில் உள்ள சோதிக்கும் கருவி தானே ஒரு சோதனையை உண்டாக்கும் என்றும், செத்தவருக்குப் பென்ஷன் போகிற வழி இருந்தால் அது சிக்கும் என்றும் சொன்னாள்.

"ஏண்டி, சாவறதுக்கு எம் பேருதான் கெடச்சுதா?" என்றேன்.

"சும்மா ஒத்திகைங்க அத்தை, உங்க பென்ஷன தொடாது. உங்களத்தான் எத்தினி வாட்டி சாவடிச்சாலும் எழுந்து வந்துடுவீங்களே!" என்று சொல்லிச் சிரித்தாள்.

பேரனின் ஞானஸ்நான விருந்தில் தன் தாயை முதல் பந்தியில் உட்காரவைத்து, என்னை மூன்றாம் பந்திக்குத் தள்ளியவள் இவள். அதையும் அந்தச் சிரிப்பையும் நினைத்துக்கொண்டே படுத்தேன். மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, பென்ஷனை அபகரிக்க மருமகள் என்னைச் செத்தவளாகப் பதிந்துவிட்டாள் என்று புகார் சொன்னேன். அதன் பிறகு ஜீப் வந்து, பிளாக்கே வாசலில் நின்று பார்க்க, லேப்டாப்பை விசாரணைக்கு எடுத்துச் சென்றது. மெர்லின் நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டாள். கம்பெனி அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டது. மகன் என்னிடம் பேசுவதில்லை.

இன்று விசாரணையில் மெர்லின், "அத்தைக்கு வயசாச்சு சார், நான் சொன்னது மறந்துட்டிருக்கும்," என்றாள். உதவி ஆய்வாளரும், "அப்படியே எழுதிக்கலாமா ஆயா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். மறதி என்று எழுதினால், கிழவி முதலில் சொன்னதுதான் நிஜமோ என்று கம்பெனிக்கு ஒரு சந்தேகம் நிற்கும். எனக்கு எதுவும் மறக்கவில்லை. ஒத்திகை என்று அவள் சொன்னது ஞாபகத்தில் இருக்கும்போதே, தெரிந்துதான் பொய்ப் புகார் கொடுத்தேன். அவள் மேல் குற்றமில்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கவும். எனக்கு உண்டான தண்டனையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இவை நானே சொன்னவை, முழுதும் உண்மை. கண்ணாடி கொண்டுவராததால் மருமகள் வாசித்துக் காட்ட, அவள் முகத்தைப் பாராமல் கேட்டு ஒப்பமிட்டேன்.

(ஒப்பம்) ம. சகாயம்மாள்