மேடைக்கு வந்த சீட்டு

மொதல்ல நிர்வாகத்துக்காரங்க குடிதண்ணிக் குழாயைப் பூட்டினாங்க. ரெண்டாவது, மெஷின் தடுப்புக் கம்பியைக் கழட்டினாங்க. மூணாவது, குடோன் பின்கதவை வெளியே தாழ் போட்டாங்க. இதே வரிசையிலதான் படிப்பேன் தம்பி. மாத்த மாட்டேன்.

வறட்சியா இருக்கா? இருக்கட்டும். பேச்சுப் பயிற்சி குடுக்கிறவரு, சங்கம் அனுப்பிருக்கு, மரியாதை இருக்கு. ஆனா ஆரம்பத்துல ஒரு ஜோக்கு, நடுவுல ஒரு நிறுத்தம், கூட்டத்தோட கண்ணைப் பாருங்கன்னு எனக்கே சொல்றீங்க பாருங்க! துண்டறிக்கை படிச்சே பேசக் கத்துக்கிட்டவன் நான். மைக்கைப் பிடிச்சேன்னா டீக்கடைக்காரர் அடுப்பை அணைச்சிட்டு வந்து நிப்பாரு.

அப்புறம் ஏன் பேப்பரைப் பாத்துப் படிக்கிறேனா? உக்காருங்க. கூட்டம் சேர இன்னும் நேரம் இருக்கு.

பதினோரு வருஷம் முன்னாடி, இதே ஆலை வாசல். வேலைநிறுத்தம் மொத நாள். பேச்சு சூடு பிடிச்ச நேரம், கீழேருந்து ஒரு சீட்டு வந்துச்சு. மேடைக்குச் சீட்டு வந்தா என்ன இருக்கும்? நேரமாச்சு, முடிங்க. முப்பது வருஷமா அதேதான். எனக்கே நேரம் குறிக்கிறியான்னு படிக்காமலே மடிச்சுப் பையில போட்டுக்கிட்டேன். கூட்டம் சிரிச்சுக் கை தட்டுச்சு. இன்னும் கால் மணி நேரம் வெளுத்து வாங்கினேன்.

பின்னாடி குடோன்ல புகை. காவலாளி கத்தினாராம், மைக் சத்தத்துல யாருக்கும் கேக்கல. எழுதிக் கை மாத்தி அனுப்பிருக்காரு. ஒருத்தனாவது தலையைத் திருப்பணுமே? ம்ஹூம். நீங்க கேக்கிறீங்களே சுவாரசியம், அதுதான் அது.

விசாரணையில என்ன சொன்னேனா? சீட்டே வரலைன்னேன். காவலாளிக்கு வேலை போச்சு. தூங்கிட்டார்னு எழுதினாங்க. போன மாசம் செத்துட்டாரு. கடைசி வரைக்கும் என்னைப் பாத்தா வணக்கம் வச்சாரு.

உள்ள மாட்டிச் செத்தவனா? சொந்த ஸ்பேனரை எடுக்கப் போன ஃபிட்டர். என் தங்கச்சி புருஷன். நெட்டைன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க.

அதோ, முன் வரிசையில வந்து உக்கார்றா பாருங்க. அவதான். அண்ணன் பேசுறான்னா ஒரு கூட்டம் விட மாட்டா.

மைக்கை இப்படிக் குடுங்க தம்பி.

தோழர்களே, இன்னிக்குப் பேச்சு இல்ல. நீங்க எல்லாரும் சாட்சி. இந்த மேடையில என் கைக்கு வந்த சீட்டு, காவலாளி எழுதினது. படிக்கிறேன்.

குடோன்ல புகை. உடனே ஆள் வேணும். உள்ள இருக்கிறது நெட்டை.