வெள்ளைப் பூச்சுக்கு அடியில் பழைய பெயர்

டம். டம். கரையில் இரண்டு வெடி. சாம்பல்தீவுப் பக்கம் புகை. சரக்குப் படகு துள்ளுகிறது. மகளின் தலையை மார்போடு அழுத்துகிறேன். எண்பத்து மூன்று, ஆடி மாதம். முந்தின நாள் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தது.

துறைமுகத்தின் நடுவே கப்பல் நிற்கிறது. வடக்கே காங்கேசன்துறைக்கு எங்களை ஏற்றிப்போக வந்த புதுக் கப்பல். அப்படித்தான் கப்பல் ஏஜென்சி ஐயா சொன்னார். என் கணவரின் மேலாளர். எங்கள் வீட்டில் பலநாள் சாப்பிட்டவர்.

நெருங்கினோம். புது வெள்ளைப் பூச்சு. அதன் அடியில் இரும்பு எழுத்துகள் புடைத்து நின்றன. வாசித்தேன். துறைமுகம் முழுக்க அறிந்த பெயர். பாறையில் ஏறிய கப்பல். கிடங்கில் நெருப்புப் பிடித்த கப்பல். பாரம் தூக்கும் வின்ச் நழுவி, மாவு மூட்டைகள் விழுந்து, கீழே நின்ற தொழிலாளியைக் கொன்ற கப்பல்.

படகோட்டி, கிண்ணியாக் காசிம் காக்கா, அவரும் பார்த்துவிட்டார்.

"பேர மாத்தினா பேய் போயிருமா புள்ள?"

கணவர் மேலே கப்பல் தளத்தில் நின்ற ஐயாவைப் பார்த்துக் கத்தினார்.

"ஐயா! வின்ச் பிரேக் மாத்தினதோ?"

"மாத்தியாச்சு! கெதியா ஏத்து!"

நான் கணவரின் கையைப் பிடித்தேன். "நீங்கள் பாத்தனீங்களோ?"

"ஐயா சொல்லுறார். பிறகென்ன? பயப்படாதை."

பெண்களையும் பிள்ளைகளையும் சரக்கு வலையில் வைத்துத் தூக்கினார்கள். பாரத்தை முதலில் ஒரு முழம் தூக்கி, நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று தொங்கவிட்டுப் பார்ப்பது துறைமுக வழக்கம். முதல் வலையில் நானும் மகளும். கணவர் படகில் காசிம் காக்காவோடு நின்று கையை மடக்கி உயர்த்தினார். நிறுத்து என்று அர்த்தம்.

"நிறுத்தாதை! தூக்கு!" ஐயாவின் குரல்.

வலை நிற்காமல் ஏறியது. ஏன் நிறுத்தவில்லை? கேட்க நினைத்தேன். அதற்குள் தளத்தில் கிடந்தேன்.

அடுத்த வலையில் பக்கத்து வீட்டுச் சரோஜா, அவளது மகன், கைக்குழந்தை. பாதி வழி. டம். மூன்றாவது வெடி. வின்ச்காரன் பதறி நிறுத்தினான்.

கிரீச்ச்ச்.

"விலகுங்கோ! விலகுங்கோ!" மேலிருந்து யாரோ கத்தினார்.

பிறகு, கீழே படகில் ஒரு சத்தம். மூட்டை விழுந்ததுபோன்ற சத்தம். அவ்வளவுதான்.

வின்ச்சின் அருகே ஓடினேன். பழைய பிரேக் பட்டி. தேய்ந்த இடத்தில் சாக்குச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அதன்மேலும் வெள்ளைப் பூச்சு.

உடல்களைப் படகிலேயே கரைக்கு அனுப்பினார்கள். நானும் இறங்கப் போனேன். ஐயா மறித்தார். "கரையில கொல்லுவாங்கள், பிள்ளை." அவர் சொன்னதில் அது மட்டும் உண்மை. மகளுடன் கப்பலில் இருந்தேன். இருந்தது சரியா? இன்றும் தெரியாது.

இறந்தவர்கள் ஐந்து பேர். என் கணவர். ஆட்களை ஏற்ற வந்த காசிம் காக்கா. சரோஜா. அவளது மகன். ஐந்தாவது, அந்தக் கைக்குழந்தை. அவளுக்குப் பெயர் வைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.