மூன்றாவது அவுட்

விண்ணேறிய பந்தை விழியால் அளந்த வித்தகரே! கார்வர் ஃபால்ஸ் மைதானத்தின் கடைக்கோடிப் புல்லையும் காலால் அறிந்த காவலரே! எங்கள் அன்பிற்கினிய திரு. வெண்டல் ஹாஸ்கின்ஸ் அவர்களே! வணக்கம்.

பேஸ்பால் களத்தின் எல்லையில் நின்று, வேலியில் மோதி விழுந்தாலும் பந்தைத் தரையில் விழவிடாத பெருமை தங்களுடையது. சிற்றூர்க் குழுக்களில் பஸ்ஸிலேயே உண்டு, பஸ்ஸிலேயே உறங்கி, பெரிய லீக்கின் அழைப்புக்காக இளமை முழுவதும் காத்திருந்தீர்கள். அழைப்பும் வந்தது. வராமலே இருந்திருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.

பெரிய லீக்கில் ஆடிய அந்த மாலை ஆட்டத்தில் ஓடி, பாய்ந்து, புல்லில் புரண்டு தாங்கள் பிடித்தது வேறெவரும் பிடிக்க முடியாத பந்து! எழுந்தீர்கள்; மூன்றாவது ஆளும் அவுட், எதிரணியின் முறை முடிந்தது என்றெண்ணி, வேலிக்கு அப்பால் கை நீட்டிய ஒரு சிறுமிக்கு அந்தப் பந்தைச் சிரித்தபடி வீசினீர்கள். அவுட் ஆனவர்களோ இருவர்தான். பந்து களத்தை விட்டு வெளியே போய்விட்டதால், களத்தில் நின்ற எதிரணியினர் இருவரும் விதிப்படி நடந்தே வந்து ஓட்டம் சேர்க்க, வெற்றி கைநழுவியது. "யோவ், மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று அரங்கமே கூச்சலிட்டது. மறுநாள் காலையில் சிற்றூர்க் குழுவுக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு எவரும் அழைக்கவில்லை.

ஆடும் காலம் முடிந்ததும் மைதானப் பணியாளர்களான எங்களோடு சேர்ந்து புல் வெட்டினீர்கள், கோடு போட்டீர்கள், மழைக்குத் தார்ப்பாய் இழுத்தீர்கள். ஆட்ட நேரத்தில் வேலியோரம் நின்று, சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் ஆட்டக்காரர்களுக்கு உயர்த்திக் காட்டுவீர்கள். இரண்டு அவுட் என்பதற்கு அதுதான் சைகை. "பெரிசு, ஸ்கோர் போர்டு எங்க கண்ணுக்கும் தெரியுது!" என்று நம்மோடு புல் வெட்டும் ராஸ்கோ கேலி செய்வார். தாங்கள் கையை இறக்கியதே இல்லை.

இப்போது மறதி நோய். பிடித்த பந்துகளை மறந்தீர்கள், எங்கள் பெயர்களை மறந்தீர்கள், மனைவி ஆர்டெல் அம்மையாரையே "யாரும்மா நீ?" என்று கேட்டீர்கள். அதனால்தான் இந்தப் பணி ஓய்வு. வேறு காரணம் சொல்லி மறைப்பானேன்? அனைத்தையும் தின்ற பாழும் மறதி, அந்த ஒரு பிழையை மட்டும் தொடாமல் விட்டதே! சாப்பாட்டு மேசையிலும் அந்த இரு விரல்கள் உயர்கின்றனவாம்.

"எத்தனை அவுட்?"

"மூணு ஆயிடுச்சு, வெண்டல். ஆட்டம் முடிஞ்சுது. சாப்பிடு."

"பொய் சொல்லாத. ரெண்டுதான். பந்தக் குடுத்துடாத!"

"நான் யாருன்னு தெரியலன்னா போகுது. அத மட்டுமாவது மறந்து தொலைக்கக் கூடாதா இந்த மனுஷன்?" என்று அம்மையார் எங்களிடம் அழுதார்.

நீடூழி வாழ்க என்று எழுதுவது வழக்கம். எழுதக் கை வரவில்லை. அந்த ஒரு மாலைக்குள்ளேயே நெடுங்காலம் நில்லுங்கள் என்று எப்படி வாழ்த்துவோம்? இவ்விழாவை அலுவலகத்தில் நடத்தாமல் வேலியோரம் வைத்தது ஒரு காரணத்தோடுதான். மூன்றாவது அவுட்டுக்கு விரற்சைகை கிடையாது; களத்தில் நிற்பவர்கள் உள்ளே திரும்பிவிடுவார்கள், அவ்வளவுதான். இம்மடலை வாசித்து முடித்ததும் நாங்கள் அத்தனை பேரும் உள்நோக்கி நடப்போம். அம்மையார் தங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். அப்போதும் தங்கள் விரல்கள் உயர்ந்தேதான் இருக்கும் என்பதை அறிவோம்.

ஒரே ஒருமுறை எங்களை நம்புங்கள், ஐயா. மூன்றாகிவிட்டது. வாருங்கள், உள்ளே போகலாம்.

இங்ஙனம்,
தங்களோடு நடக்கக் காத்து நிற்கும்
மைதானப் பணியாளர்கள்,
கார்வர் ஃபால்ஸ்.