தளர்த்தி வைத்த தடிக்கம்பி

கண்ணம்மாள்: …அப்ப ஆம்ப்ளிபயர்ல சொருகலீன்னா இந்தப் பேஸ் கித்தாரு வெறும் கட்டைதானுங்களா அண்ணா?

மருதாசலம்: கட்டையேதா அம்மிணி. பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கே செரியாக் கேக்காது.

கண்ணம்மாள்: பொழுதோட பெருமாநல்லூர்ல கல்யாணக் கச்சேரி. ஊசி குத்திக் கட்டுப் போட்ட வெரல வெச்சுட்டு எனக்குப் பாடம் எடுத்துட்டு இருக்கறீங்களே!

மருதாசலம்: பனியன் மெசின் ஊசிதானே, அருவாளா? வேன் வர இன்னும் நேரமிருக்குது. நீ கேளு.

கண்ணம்மாள்: செரி… கம்பிக்குக் கீழ கருப்பா இருக்குதே, அது?

மருதாசலம்: பிக்கப்பு. உள்ள காந்தம், அதச் சுத்தி மெல்லிசாச் செம்புக் கம்பி. மேல கம்பி ஆடுனா அது கரண்டா மாறி வயர்ல போகும்.

கண்ணம்மாள்: கழுத்துல இந்தப் பட்டையெல்லாம்?

மருதாசலம்: பிரெட்டு. பட்டைக்குப் பின்னால ஒட்டி அழுத்தோணும். பட்டை மேலயே அழுத்துனா…

கண்ணம்மாள்: சத்தம் ஊமையாயிரும்.

மருதாசலம்: …அதெப்புடித் தெரியும்?

கண்ணம்மாள்: நீங்கதானுங்ணா சொன்னீங்க.

மருதாசலம்: நான் எப்பச் சொன்னேன்?

கண்ணம்மாள்: போன… போன கச்சேரிக்கு முன்னால. செரி, இந்தக் குமிழு?

மருதாசலம்: பேச்ச மாத்து, மாத்து. ஒண்ணு வால்யூம். இன்னொண்ணு டோனு. இப்படித் திருப்புனா கும்முனு அடங்கும், அப்படித் திருப்புனா டங்குனு தெளியும். கடைசில இருக்கற பிரிட்ஜு கம்பியோட ஒரு நுனியப் புடிச்சுக்கும். தலையில இருக்கற சாவி அடுத்த நுனிய முறுக்கிச் சுருதி சேக்கும்.

கண்ணம்மாள்: நாலு கம்பியில என்னத்தப் பாட்டு வரும்னு தங்கவேலண்ணன் கிண்டல் பண்றாருங்.

மருதாசலம்: குழு அவனுது, பேசுவான். பேஸ் நின்னுபோச்சுனா அவன் பாட்டு அந்தரத்துல தொங்கும். எங்க சுத்துனாலும் அவன் வந்து கால் ஊனற எடம் இதுதா… அதுசெரி, உன்ற பீச்சாங்கையக் காட்டு.

கண்ணம்மாள்: எதுக்குங்?

மருதாசலம்: காட்டுனா காட்டு… வெரல் நுனியெல்லாம் காப்புக் காச்சிருக்குது.

கண்ணம்மாள்: கம்பெனியில பிசிறு வெட்றனில்லீங்…

மருதாசலம்: கத்திரி புடிக்கறது சோத்தாங்கையில.

கண்ணம்மாள்: நம்ம அய்யன்கிட்டச் சொல்லிப்போடாதீங்ணா, பொட்டப்புள்ளைக்கு மேடை ஆகாதும்பாரு. நீங்க ஷிப்டுக்குப் போனதும் எடுப்பேன். வயர் சொருக மாட்டேன். கட்டை மேல தாடைய வெச்சுக்குவேன், எலும்பு வழியாவே கேக்கும். அய்யன் தறியில இருப்பாரு, அந்தச் சத்தத்துல அவருக்கு ஒண்ணும் கேக்காது. உங்களுக்கு எப்புடி…

மருதாசலம்: நான் மெசின் பாக்கற பிட்டரு. மெசின் நின்னா நூல் இழுப்பத் தளத்திப்போட்டுத்தா வருவேன். அதே பழக்கத்துல இந்தத் தடிக்கம்பியையும் தளத்திட்டுத்தா போவேன். வந்து பாத்தா கச்சிதமாச் சுருதி சேந்து நிக்குது. திருடத் தெரிஞ்சவளுக்கு இருந்தபடி வெக்கத் தெரியல!

கண்ணம்மாள்: திரும்பத் தளத்தோணும்னு தெரியுமுங். சுருதி சேந்து நிக்கறதக் கெடுக்க மனசு வரலீங்ணா.

மருதாசலம்: நேத்து பாதி ஷிப்டுல வந்து சன்னலாண்ட நின்னேன். சத்தம் கேக்கல. வெரலத்தா பாத்தேன். என்ற வெரல் அப்புடி ஓடுனதே இல்ல கண்ணு. இன்னிக்கு நீ வாசி.

கண்ணம்மாள்: மேடையிலயா! அய்யன்…

மருதாசலம்: கேட்டாச்சு. என்ற கட்டப் பாத்தாரு. கல்யாணத்து ஊட்டுக்குக் குடுத்த வாக்குக் கெடக்கூடாது, வேற வழியில்லீன்னா புள்ளை போகட்டும்னுட்டாரு. பயமா இருக்குதா?

கண்ணம்மாள்: பயமென்னங்? எல்லாப் பாட்டும் கையில இருக்குது. எப்ப மேடையேறுவோம்னு ஏங்கிட்டுக் கெடந்தேன். ஆனா உங்க வெரல் புண்ணானதுல எனக்கு மேடை கெடைக்கறதுதா கஷ்டமா இருக்குது… வெரலக் குடுங்க, கட்டுத்துணியாச்சும் நல்லா மாத்திக் கட்டறேன்.

மருதாசலம்: வேண்டா, அவுக்காத…

கண்ணம்மாள்: சும்மா இருங்ணா… என்னுங்ணா இது? ரத்தத்தையே காணோம்… ஒரு கீறல்கூட இல்லையே!

மருதாசலம்: மெல்லப் பேசு, அய்யன் தறிய நிறுத்திட்டாரு… உன்ன மேடையேத்த எனக்கு வேற வழி தெரியல. கட்டத் திரும்பச் சுத்து அம்மிணி, வேன் வந்துருச்சு.