லசால் அலையில் நாற்பது நிமிடம்

—நாப்பது நிமிசம், மச்சான்! சேர்ஃபிங் பலகையில ஏறி, ஒரே அலையில, விழாமல் நாப்பது நிமிசம் நிண்டனான். அலை அறுபதடி!

—விசர்க்கதை கதையாதை, சிவராசா. உனக்கு அறுபத்தெட்டு வயசு. ஹவாயில பெரிய அலையைப் பிடிக்க முந்தி பலகையில படுத்துக் கையால வலிச்சுக்கொண்டு போனவங்கள். இப்ப ஜெட் ஸ்கீ எண்ட தண்ணி மோட்டார்சைக்கிள் இழுத்துக்கொண்டு போய் விடுது. அவங்களே அரை நிமிசம் நிண்டாப் பெரிய காரியம். அதுக்குள்ள அலை உடைஞ்சிடும்.

—அது கடல். இது லசாலில ஓடுற ஆறு. அடியில கிடக்கிற பாறையில தண்ணி மோதி, அலை ஓரிடத்திலயே எழும்பி நிக்கும். தண்ணி ஓடும், அலை ஓடாது. இருவத்தெட்டு வருசம் பாக்டரியில ஒரே மெசினுக்கு முன்னால நிண்டவன் நான், இரவிச்சந்திரன். ஓரிடத்தில நிக்கிறதில என்னை ஆர் வெல்லுறது?

—அறுபதடி?

—சரி, ஆறடி.

—ஹவாய்க்காரர் அலையைப் பின்பக்கத்தால அளப்பாங்களாம். இருவதடியைப் பத்தெண்டுதான் சொல்லுவாங்கள். கூட்டிச் சொன்னா அவமானம்.

—நான் முன்பக்கத்தால அளந்து, என்ர பயத்தையும் சேத்துக் கூட்டினனான்.

—நீ பலகையில படுத்திருப்பாய். அதுவும் சந்தேகம்.

—கேளன்! கரையோரம் வரிசை. ஒராள் விழுந்தாத்தான் அடுத்தவர் இறங்கலாம். நான் கலியாண வீட்டுப் பந்தியில நிக்கிற மாதிரி, 'நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ' எண்டு எல்லாரையும் முன்னுக்கு விட்டன். மூண்டு மணித்தியாலம்! கடைசியில, பலகை வாடகைக்குத் தந்த பெட்டை செலீன் பொறுக்கேலாமல் என்னைப் பிடிச்சுத் தள்ளிவிட்டாள்.

—அப்ப நீயாப் போகேல்லை.

—ஒம்பது தரம் விழுந்தனான். ஒவ்வொரு தரமும் ஆறு இழுத்துக்கொண்டு போய்க் கீழ எறிஞ்சுது. பலகையைச் சுமந்துகொண்டு திரும்பி நடந்து வந்தன். பத்தாந்தரம் நிண்டன்.

—ஆர் கண்டது?

—அதை விடு. சனிக்கிழமை திரும்பப் போறன். கரையில தெரிஞ்ச ஆள் ஒண்டு நிண்டாத்தான் பலகை தருவன் எண்டு செலீன் சொல்லிப்போட்டாள். நீ வாறியோ?

—மாட்டன். உனக்கு ஒண்டு நடந்தா உன்ர மனிசி, என்ர தங்கச்சி நல்லம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?

—அப்ப சொந்தமா ஒரு பலகை வாங்கிறன். தனிய இறங்குவன்.

—தனியவோ?

—ஓம்.

—நல்லம்மாட்டச் சொல்லிப்போடுவன்!

—சொல்லு. அவள் சிரிப்பாள். சிவராசா புளுகன் எண்டு நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறது நீதானே? பேந்து ஆர் நம்பப்போறினம்? விழுந்தாலும் இறங்குவன், மச்சான். ஆர் நம்பாட்டியும் இறங்குவன். நான் வாறன்.

—நில்லடா... பதினொரு செக்கன்.

—என்ன?

—நாப்பது நிமிசமில்லை, பதினொரு செக்கன். அண்டைக்கு உனக்குத் தெரியாமல் பின்னால வந்து, மரத்தோட ஒட்டி நிண்டு எண்ணினனான். நீ சொல்லுறது பொய்யெண்டு எல்லாருக்கும் சொன்னா, வெக்கத்தில இதை விட்டிடுவாய் எண்டு நினைச்சன். நீ நிண்டனீ, மச்சான். என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான்.