டிக்கியில் ஒரு குழாய்

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், எங்கள் வீட்டுக் காரின் டேஷ்போர்டில் மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கு, பெரியோர் ஆசியாலும் என் உழைப்பாலும் நிரந்தரமாக அணைக்கப்பட்டது. விழா எதுவும் நடத்தவில்லை. நடத்தியிருந்தால் அத்தான்தான் தலைமை தாங்கியிருப்பார்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். முதலில் ஒரு கோரிக்கை. உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்களே, டயர்க் கடைக்காரர், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கார் கவிழ்ந்ததற்கு அவர் காரணமில்லை. பழைய டயரைப் புதிது என்று ஏமாற்றி மாட்டிவிட்டார் என்று அத்தான் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அத்தானின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனாலேயே நம்பத் தோன்றும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. நான் அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பவன். கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறேன், சாப்பாடு கீழே. அத்தான் வீட்டிலும் பாதுகாப்பு அதிகாரிதான். குளித்துவிட்டு வருகிறவனை வாசற்படியில் நிறுத்தி ஈரத் தரையின் அபாயங்களை விளக்குவார். அவர் முடிப்பதற்குள் தரை காய்ந்துவிடும். அந்த வகையில் அவர் பேச்சால் பயன் உண்டு.

காருக்கு வருகிறேன். அது வயதான கார். நான்கு சக்கரங்களுக்குள்ளும் கட்டைவிரல் அளவில் ஒவ்வொரு சென்சார் இருக்கும். டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அவை முன்னால் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். சென்சாருக்குள் இருக்கும் பாட்டரியை மாற்ற முடியாது. அது செத்தால் சென்சாரையே தூக்கிப் போட வேண்டியதுதான். எங்கள் காருக்கு அந்தக் காலம் வந்தது. ஒன்று போயிற்று, பின்னாலேயே இன்னொன்று. செத்துப்போன சென்சாருக்காகவும் அதே விளக்குதான் எரியும். காற்று இல்லையா, காற்றைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லையா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அத்தானுக்கு அந்த விளக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, ஒரு நாள் அவருடைய மேலதிகாரி அந்தக் காரில் ஏறும் வரை. "என்ன சார், பாதுகாப்பு அதிகாரி வண்டியிலயே வார்னிங் லைட்டா?" என்று அவர் சிரித்தாராம். அன்று சாயங்காலம் அத்தான் சாப்பிடவில்லை.

"டேய் மாப்ள, அந்த லைட்டு இனிமே எரியக் கூடாது."

"அத்தான், நாலு சென்சாரையும் மாத்தச் சொல்றார் டயர்க் கடைக்காரர். டயரையும் பாக்கணுமாம்."

"அவன் ஆயிரம் சொல்வான். அடுத்த வருஷம் விக்கப் போற வண்டிடா இது. நான் என்ன கேட்டேன்? லைட்டு எரியக் கூடாதுன்னு கேட்டேன். அவ்வளவுதானே? அதைச் செய்."

முதலில் கறுப்பு டேப்பை ஒட்டிப் பார்த்தோம். ஓரத்தில் மஞ்சள் கசிந்தது. அத்தான் டேப்புக்கு மேல் டேப் ஒட்டினார். அதற்குப் பிறகு எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதும் தெரியவில்லை.

பிறகுதான் குழாய். நான் ஒரு காலத்தில் ஃபிட்டராக இருந்தவன், கை சும்மா இருக்காது. உடைத்து விற்கும் காரிலிருந்து உயிருள்ள சென்சார்கள் நான்கு கிடைத்தன. தண்ணீருக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழத் துண்டு வெட்டி, நான்கையும் உள்ளே போட்டு, இரண்டு பக்கமும் மூடி ஒட்டி, ஒரு பக்கத்தில் சைக்கிள் டியூப் வால்வு வைத்தேன். டயருக்குச் சொல்லியிருக்கிற அளவுக்குக் குழாயில் காற்றடித்தேன். ஒரு சின்னக் கருவியால் அந்த நான்கையும் காருக்கு அறிமுகம் செய்துவைத்து, குழாயை டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் படுக்கப் போட்டேன். விளக்கு அணைந்தது.

அதற்குப் பிறகு அந்த நான்கு சென்சார்களும் எந்த ரோட்டையும் பார்க்காமல், எந்தப் பள்ளத்திலும் விழாமல், இருட்டில் சுகமாகப் படுத்துக்கொண்டு "எல்லா டயரும் நலம்" என்று முன்னால் அறிக்கை அனுப்பிக்கொண்டே இருந்தன. எங்கள் தொழிற்சாலையில் இந்த வேலைக்குத் தனி இலாகாவே இருக்கிறது.

அத்தானுக்குச் சந்தோஷம். குழாயைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. "பாத்தியா, மனசு வெச்சா முடியுது" என்று அக்காவிடம் சொன்னார், தானே மனசு வைத்தவர் மாதிரி.

இனி பின்பக்க இடது டயர். அதன் ரிம் ஓரம் துருப்பிடித்துக் காற்று மெல்ல மெல்லக் கசியும். டயரின் பக்கச் சுவரில் வெடிப்பும் இருந்தது. கடைக்காரர் அதை என்னிடம் மட்டுமல்ல, அத்தானிடமும் காட்டினார். அவர் வாய் கொஞ்சம் நீளம். டயரில் ஆரம்பித்தால் தன் சம்பந்தியின் குணம் வரைக்கும் போவார். ஆனால் இதை மட்டும் சுருக்கமாகச் சொன்னார்.

"காத்து கம்மியா ஓட்டினீங்கன்னா ஓரம் மடிஞ்சு மடிஞ்சு சூடாயிடும் சார். ஊருக்குள்ள ஒண்ணும் தெரியாது. ஹைவேல வேகமாப் போனா பிச்சுக்கிட்டுப் போயிடும். மாத்திடுங்க."

அத்தான் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"இந்த வெடிப்பு உள்பக்கம் வர்ற மாதிரி திருப்பி மாட்ட முடியுமா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். திருப்பி மாட்டினார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். அதையும் கேட்டவர் சொல்லித்தான் செய்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில், அத்தான் பேப்பர் படிக்கும் நேரத்தில், கால் பம்பால் அந்த டயருக்கு நான் காற்றடித்து வைப்பேன். யாரும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் எவ்வளவு இறங்கும் என்று எனக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. அந்தக் கார் ஓடியது என் காலால்தான். அத்தான் விளக்கு எரியாததால் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்: வருத்தம் இல்லை.

என் கையையே பார்க்கிறீர்கள். பரவாயில்லை, எல்லோரும் பார்ப்பார்கள். வலது கையில் இரண்டு விரல் இல்லை. பழைய பிரஸ் மெஷின் ஒன்றில் போயிற்று. அந்த மெஷினில் கை உள்ளே இருந்தால் சிவப்பு விளக்கு ஒன்று எரிய வேண்டும். அது வேளை கெட்ட வேளையில் எரிகிறது என்று, ஆய்வுக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால், அத்தான் அதன் ஒயரைக் கழற்றச் சொல்லியிருந்தார். விளக்கு இருந்திருந்தாலும் விரல் போயிருக்கலாம். நான் நியாயமாகப் பேச விரும்புகிறேன்.

விசாரணையில் என் கவனக்குறைவு என்று சொல்லும்படி அக்கா கேட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "உனக்கு ரெண்டு விரல்தான்டா. அவருக்கு வேலையே போயிடும்." கணக்கு சரியாகத்தான் இருந்தது. சொன்னேன். ஃபிட்டர் வேலை போய் ஸ்டோருக்கு வந்தேன்.

பாதுகாப்பு வாரம் என்று ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். அத்தான் மேடையில் பேசுவார். பேச்சின் நடுவில் என்னைக் கூப்பிட்டுக் கையைத் தூக்கிக் காட்டச் சொல்வார். கவனக்குறைவின் விளைவு. என் விரல்கள் இருந்தபோது மேடை ஏறியதே இல்லை, போன பிறகு ஒவ்வொரு வருஷமும் ஏறுகின்றன. கைதட்டுவார்கள். எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தூக்கிய கையில் ஒன்றும் தெரியாது. மரத்துப்போய் நாளாயிற்று.

இந்த வருஷம் அத்தான் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார். "கவனமா இருந்தா பத்து, கவனம் போனா எட்டு. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க!" அரங்கம் சிரித்தது. முன் வரிசையில் அக்காவும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் காற்றடிக்கவில்லை.

இதை நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எதையும் உடைக்கவில்லை, அறுக்கவில்லை, ஆணி வைக்கவில்லை. யாரும் கேட்காமல் செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்திக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறும் நிறுத்தியே இருந்தேன். அத்தான் பேப்பர் படித்தார். நான் மாடியில் இருந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரியவில்லை.

பக்கத்து நகரத்தில் அத்தானுக்கு ஒரு விருது கொடுக்க இருந்தார்கள். விபத்தே இல்லாத ஆண்டு என்பதற்காக. நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் போக வேண்டும். தேதி எனக்கு முன்னாலேயே தெரியும், சாப்பாட்டு மேசையில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. பழிவாங்கல் என்று எழுத வேண்டாம். அது பெரிய வார்த்தை, அத்தான் மேடையில் சொல்கிற மாதிரியான வார்த்தை. அவர் கேட்டது விளக்கு எரியாத கார். அவருக்கு அதைத்தான் கொடுத்தேன். கூடக் கொடுத்ததை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மற்றது உங்களுக்கே தெரியும். வளைவு இல்லாத நேர் ரோடு. டயர் பிய்ந்து, கார் இரண்டு தடவை உருண்டது. அத்தானுக்குத் தோள் எலும்பு. அக்கா அங்கேயே போய்விட்டாள். அத்தான் தோளில் கட்டுடன் வீட்டில் இருக்கிறார். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் சீட் பெல்ட்டின் அவசியத்தைப் பற்றிப் பேசுகிறார். நன்றாகத்தான் பேசுகிறார். இரண்டு பேர் அழுதார்கள். கீழே அடுப்பு பற்றவைக்க ஆள் இல்லாததால் நான் வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

அக்கா விஷயம் வேறு. அதைத் தனியாக எழுதுங்கள். அவளை நான் ஒன்றும் செய்யவில்லை. அவள் வருவதாகவே இல்லை.

அன்று காலை அத்தான் விருது விழாவுக்குப் போட வேண்டிய கோட்டை முன் சீட்டில் கசங்காமல் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். குழந்தையைக் கிடத்துகிற மாதிரி. தலை நிமிராமலே கேட்டார்.

"காத்தெல்லாம் சரியா இருக்காடா?"

"லைட் எரியலையே அத்தான்."

"அப்ப சரி."

இதில் பொய் ஒன்றும் இல்லை, கவனியுங்கள். அவர் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்த பிறகுதான் அக்கா கைப்பையோடு வெளியே வந்தாள். "நானும் வரேங்க. அவார்டு வாங்கறப்ப யாராவது போட்டோ எடுக்கணும்ல. அங்க இருக்கறவங்களை நம்பினா உங்க தலையை விட்டுட்டு எடுப்பாங்க." அத்தானுக்கு முகம் மலர்ந்தது. முன் சீட்டில் கோட் இருந்ததால் அவள் பின்னால் ஏறினாள், இடது பக்கம். ஜன்னலை இறக்கி, "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்டா. சூடு பண்ணிச் சாப்பிடு. அப்படியே சாப்பிட்டுட்டு வயிறு சரியில்லன்னு வந்து நிக்காத" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சொல்ல எங்கே நேரம் இருந்தது? எல்லாம் சட்டென்று நடந்துவிட்டது. கார் நகர ஆரம்பித்துவிட்டது. நகர்ந்துவிட்ட காரை நான் எப்படி நிறுத்துவது? எங்கள் சந்து குறுகல், பின்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். வழக்கம்போல நான் பின்னால் நின்று கை காட்டினேன். கேட்டைத் தாண்டும்போது சந்தில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. "நிறுத்துங்க" என்றேன். கார் அப்படியே நின்றது. ஸ்கூட்டர்காரர் எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். அவர் முனையில் திரும்பி மறையும் வரை கார் நின்றுகொண்டிருந்தது.

பிறகு, "வரலாம், வரலாம்" என்றேன்.